மாப்பிள்ளை வாங்கிய கோழிகள்

நீடாமங்கலம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை செழியனுக்கு, மாமனார் புகழேந்தி எழுதுவது.

இந்த வீட்டில் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. கல்யாணமான பெண்ணின் சுகத்தைப் புருஷன் வீட்டிலிருந்து எழுதுவார்கள், பெற்றவர்கள் வாசித்துச் சந்தோஷப்படுவார்கள். இங்கே அதையும் நானே எழுதுகிறேன். நீங்களும் அம்மாவும் திருவள்ளூரில் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது.

வாட்ஸப்பில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவை முழுவதும் கேட்டேன். உங்கள் அத்தை வானதியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், "ஏங்க, இவ்வளவுதானா? கீழ இன்னும் ஏதாவது இருக்கான்னு தள்ளிப் பாருங்க" என்றாள். தள்ளிப் பார்த்தேன். ஒரு கோழிக்கூட்டின் படம் இருந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். சுடர்விழி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பதிலைக் கடிதமாக எழுதுகிறேன். அந்தச் சின்னக் கண்ணாடியில் விரலால் தட்டுவது எனக்கு வராது. தவிர, கடிதம் என்றால் உங்கள் அம்மாவும் வாசிக்கலாம்.

அம்மாவுக்கு நாட்டுக்கோழி முட்டை நல்லது என்று யாரோ வீடியோவில் சொன்னதால் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கப் போவதாகச் சொன்னீர்கள். நல்ல காரியம். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அன்று, எங்கள் கொல்லையில் கை கழுவப் போன சம்பந்தி அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாத்தியார் வீடுன்னாங்க, கோழிப்பண்ணையால்ல இருக்கு" என்றது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கோழிப்பண்ணையிடமே யோசனை கேட்கும்படி ஆகியிருக்கிறது. கேட்டவருக்குச் சொல்லித் தராமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. சொல்கிறேன்.

முதலில் நீங்கள் அனுப்பிய படம். இரண்டு மாடி, சிவப்புச் சாயம், அடியில் சக்கரம், செங்குத்தாகச் சரிந்த கூரை. அந்தக் கூரை பனிக்கட்டி வழுக்கி விழுவதற்காகப் போட்டது, மாப்பிள்ளை. திருவள்ளூரில் பனிக்கட்டி எப்போது விழ ஆரம்பித்தது? எட்டாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதுவான். ஒருமுறை தாளின் தலைப்பில் பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டான். அந்தக் கூரையைப் பார்த்ததும் அவன் ஞாபகம் வந்தது.

அடுத்து, சேவல் இல்லாமல் கோழி முட்டை போடுமா என்று கேட்டிருந்தீர்கள். போடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். நீங்கள் பொறியியல் படித்தவர். தப்பில்லை, அது வேறு பாடம்.

கோழி வாங்குவதற்கு வருவோம். நீங்கள் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறீர்கள். குறையுள்ளதைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவது உங்களுக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனால் உயிருள்ளதைப் பார்ப்பதற்கு வேறு கண் வேண்டும்.

காலையில் போங்கள். போனவுடன் கோழியைப் பிடித்துத் தூக்காதீர்கள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று கூட்டத்தைப் பாருங்கள். தீனி வீசச் சொல்லுங்கள். நல்ல கோழி அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வரும். நோய்க் கோழி ஓரமாக, சிறகை உப்பிக்கொண்டு, கண்ணை அரையாக மூடி நிற்கும். கடைசி பெஞ்சில் பாடம் கவனிக்கிற மாதிரி உட்கார்ந்து தூங்குகிற பையனைப் பார்த்திருப்பீர்களே, அதே முகம். அப்படி ஒன்று நின்றால் அந்தக் கூட்டத்திலேயே கை வைக்காதீர்கள். மற்றவை நன்றாக இருப்பதாகத் தெரியும், ஆனால் நாளைக்கு அவையும் ஓரமாக நிற்கும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். கண் தெளிவாக, ஈரமின்றி இருக்க வேண்டும். மூக்குத் துளையில் சளி கூடாது. காதருகே வைத்துக் கேளுங்கள், மூச்சில் கரகரப்பு இருக்கக் கூடாது. கொண்டை சிவப்பாக இருக்க வேண்டும். வாலுக்கு அடியில் எச்சம் ஒட்டிப் பிசுபிசுத்திருந்தால் கழிச்சல். சிறகை விரித்து அடியில் பாருங்கள், பேன் அங்கேதான் குடியிருக்கும். நெஞ்செலும்பு கத்தி போலக் கையை உறுத்தினால் வயிற்றுக்கு இல்லாமல் கிடந்த கோழி. மூக்கின் நுனி மழுங்கலாக வெட்டப்பட்டிருந்தால் அது கூண்டுப் பண்ணையில் முட்டையிட்டு முடித்த கோழி. நாட்டுக்கோழி என்று யார் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழியாகப் பார்த்து, ஒரே இடத்தில் வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள்.

இவ்வளவு பார்ப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. பெண் பார்க்க வந்தபோது உங்கள் வீட்டார் சுடர்விழியை நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், கண்ணாடி இல்லாமல் காலண்டரைப் படிக்கச் சொன்னார்கள். உங்களுக்குப் பழக்கமுள்ள வேலைதான்.

கோழி விஷயம் முடிந்தது. மற்றது நீங்கள் கேட்காதது.

ஆனி மாதம் அவள் வயிற்றில் இருந்த கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பு தேறுவதற்குள் ஆடி பிறந்தது. "புதுப் பொண்ணு, மொத ஆடி, முறையா அழைச்சுட்டுப் போங்க" என்று உங்கள் அம்மா போன் செய்தார்கள். முறை என்றார்கள், அழைத்து வந்தேன். ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப் போவதும் அதே முறைதான். உங்கள் அத்தை தாம்பாளத்தில் வைக்கப் புடவையும் வேட்டியும் எடுத்து வைத்திருக்கிறாள். தெருவில் கேட்கிறவர்களுக்கு, "அவருக்கு லீவு கெடைக்கல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவுதான் என்பது தெருவுக்கும் தெரியும்.

கோழிகள் வந்ததும் எழுதுங்கள். கூட்டைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

உங்கள் நலம் வேண்டும்,
புகழேந்தி.


நீடாமங்கலம்,
புரட்டாசி, மூன்றாம் சனிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, புகழேந்தியின் ஆசிகள்.

ஆற்றில் தண்ணீர் வந்து சம்பா நடவு நடக்கிறது. ஆள் கிடைக்காமல் எல்லோரும் இயந்திரத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். சுடர்விழி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது குரல் பதிவைக் கேட்டேன். நான் எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததாகவும், ஆனால் நேரமில்லாததால் போனிலேயே ஒரு ஏஜென்டிடம் சொல்லிக் கோழிகளை வீட்டுக்கே வரவழைத்ததாகவும் சொன்னீர்கள். பழுப்பு நிறம், பார்க்க அழகு, மூக்கு மட்டும் கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, அது அந்த ஜாதியின் அமைப்பு என்று ஏஜென்ட் சொன்னதாகச் சொன்னீர்கள். நான் எழுதியிருந்ததை மறுபடி ஒருமுறை படியுங்கள். படித்து என்ன, அவைதான் இப்போது உங்களிடம் இல்லையே.

வந்த புதிதில் முட்டையிட்டன, புரட்டாசி பிறந்ததும் இறகு கொட்டத் தொடங்கின, முட்டை நின்றது. உடனே ஏஜென்டைக் கூப்பிட்டு, "டிஃபெக்ட் பீஸ் குடுத்துட்டீங்க, மாத்திக் குடுங்க" என்று சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். பதிலுக்கு வந்தவை தும்முகின்றன, கண்ணில் நுரை தள்ளுகிறது, சில செத்தும் போயின. "என்ன மாமா பண்றது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயிரோடு இருப்பவற்றை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செத்தவற்றைக் குப்பையில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அவை இருந்த இடத்தைக் கழுவிச் சுண்ணாம்படித்துச் சில வாரம் வெயிலில் காலியாக விடுங்கள்.

இப்போது திருப்பி அனுப்பிய கோழிகளைப் பற்றி. அவற்றுக்கு ஒரு நோயும் இல்லை. கோழி வருஷத்துக்கு ஒருமுறை பழைய இறகைக் கொட்டிவிட்டுப் புது இறகு வளர்த்துக்கொள்ளும். உடம்பில் உள்ள சத்தெல்லாம் அதற்குப் போவதால் அந்தச் சமயம் முட்டையிடாது. பார்க்க அசிங்கமாக, கழுத்தில் மயிரில்லாமல், ஓரமாக ஒதுங்கி நிற்கும். தொட்டால் வலிக்கும். வளர்க்கிறவன் செய்ய வேண்டியது, கொஞ்சம் கருவாட்டுத் தூளோ கடலைப் புண்ணாக்கோ கூடுதலாக வைத்து, கையில் தூக்காமல், காத்திருப்பதுதான். இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

நீங்கள் காத்திருக்கவில்லை. முட்டை நின்றது, திருப்பி அனுப்பினீர்கள். உங்களுக்கு அதில் ஒரு வழக்கம் இருக்கிறது போலும்.

இந்த இடத்தை எழுதும்போது உங்கள் அத்தை பின்னால் நின்று படித்துவிட்டாள். "என்ன எழுதறீங்க? கோழியப் பத்தியா எழுதறீங்க?" என்றாள். கோழியைப் பற்றித்தான் என்றேன். "அடிச்சிருங்க அத. மாப்பிள்ளை மனசு கோணிட்டா நாளைக்கு அவதான் அனுபவிக்கணும்" என்றாள். அடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். உங்களைப் போன்ற ஒருவரின் மனம் கோணக் கூடாது என்று இந்த வீட்டில் ஒருத்தி பயப்படுகிறாள். அது உங்களுக்குத் தெரியட்டும்.

கூடு விஷயம். மலிவாகச் செய்யலாம். ஆறு கோழிக்கு ஒரு கட்டில் அளவு இடம் போதும், பகலில் வெளியே மேய விடுகிறீர்கள் என்றால். நான்கு மூலைக்கும் சவுக்குக் கழி. தரையிலேயே கட்டாதீர்கள், ஐப்பசி மழையில் ஓதம் ஏறும், கோழிக்குக் காலும் மார்பும் கெடும். செங்கல்லைத் தூணாக அடுக்கி முழங்கால் உயரத்துக்குத் தூக்குங்கள். அடித்தளம் மூங்கில் பட்டை, இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும், மேலே உட்காருகிற இடம் சுத்தமாக இருக்கும். உள்ளே குறுக்காக உருண்டைக் கழி ஒன்று வையுங்கள். கோழி அதில் ஏறித்தான் தூங்கும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கால் வழுக்கும். வாடைக் காற்றும் மழையும் அடிக்கும் வடக்குப் பக்கத்தைப் பலகையால் அடையுங்கள், கிழக்கில் கம்பி வலை போட்டுக் காலை வெயில் விடுங்கள். கம்பி வலையின் கண் சின்னதாக இருக்கட்டும். கீரிக்கு ஒரு சந்து போதும், உள்ளே போய்விட்டால் ஒன்றைத் தின்னாது, எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். மேய்கிற இடத்துக்கு மேலே, கடற்கரைப் பக்கம் மீனவர்கள் கழித்த வலையைக் கேட்டு வாங்கிக் கட்டினால் பருந்து இறங்காது. அவர்கள் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், வெந்துவிடும். கீற்று போட்டு மேலே பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போர்த்துங்கள். நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். உங்கள் கல்யாணத்துக்கு உங்கள் நண்பர்கள் நீடாமங்கலம் கடைத்தெருவில் கட்டினார்களே, நீங்கள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வானத்தைச் சுட்டிக்காட்டுகிற பேனர், அதுதான். நல்ல கனமான துணி. நான் கண்ட வரையில் அந்தக் கல்யாணத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வந்து இன்றைக்கும் உபயோகமாக இருக்கிற பொருள் அது ஒன்றுதான்.

நான் படம் வெளியே தெரியும்படிதான் போட்டேன். காக்காய்க்கு உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று. மறுநாள் பார்த்தால் திருப்பிப் போட்டுக் கட்டியிருக்கிறது, படம் உள்பக்கம். யார் என்று கேட்டேன். "வெயில்ல வெளுத்துடும்ப்பா" என்று சுடர்விழி சொன்னாள். சொல்லிவிட்டுத் தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டை வருகிற மழைக்கு முன் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
புகழேந்தி.


நீடாமங்கலம்,
ஐப்பசி, திங்கட்கிழமை.

மாப்பிள்ளை செழியனுக்கு,

கூடு கட்டி முடித்துப் படம் அனுப்பியிருந்தீர்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது, நல்லது. வடக்கைத் திறந்து விட்டுக் கிழக்கை அடைத்திருக்கிறீர்கள். திசை தெரியவில்லை என்றால் சூரியனைக் கேட்டிருக்கலாம். அவ்வளவு தூரம் கூட யாரையும் விசாரிக்க உங்களுக்கு மனம் வருவதில்லை. பலகையைக் கழற்றி மாற்றி அடியுங்கள்.

நேற்று உங்கள் அம்மா உங்கள் அத்தைக்குப் போன் செய்தார்கள். ஆடிக்குப் பிறகு அவர்களாகக் கூப்பிட்டது இதுதான். உங்கள் அத்தை கை தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், அதனால் மூன்று பேரும் கேட்டோம். இந்தத் தடவை நல்ல கோழியாகப் பிடித்துக் கொண்டு வந்திருக்கிறீர்களாம். நீங்கள் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், உங்கள் அம்மாவுக்கு அந்த நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை. "அதான் சம்பந்தி, பொண்ணைக் கொண்டாந்து விட்டுருங்க. உங்க வீட்டுப் பொண்ணுக்குக் கோழி கைப்பழக்கம். சும்மாதானே இருக்கா? தீபாவளிக்கெல்லாம் அங்க வர்றதுக்கு இல்ல, கோழிய யாரு பாக்கறது?" என்றார்கள்.

உங்கள் அத்தை அழுதாள். பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அழுதாளா, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அழுதாளா, எனக்குத் தெரியாது. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் எத்தனையோ பேச்சு கேட்டவன் நான். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

சுடர்விழி சிரித்தாள். ஆனியிலிருந்து நாங்கள் கேட்காத சிரிப்பு. பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "அம்மா, எனக்கு வேலை கெடைச்சிருச்சும்மா" என்றாள். பிறகு சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது.

அழுது முடித்தபின் ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அப்பா, கோழிக்காக நான் போக மாட்டேன். அத்தை கூப்பிட்டாங்கன்னும் போக மாட்டேன். அவரு வரட்டும். கூட்டிட்டுப் போறதுக்கு இல்ல. ஒரு தடவ என் பக்கத்துல வந்து உக்காரட்டும். ஆஸ்பத்திரியில கூட அவரு வராந்தாவுலேயேதான் நின்னாரு."

இது எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். இப்போதுதான் வெளியே வந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். உள்ளேயே போகாத ஆளா நீங்கள்?

சரி. இது உங்களுக்குத் தலைதீபாவளி. மாமனார் நேரில் வந்து, வெற்றிலை பாக்குப் பழம் வைத்து அழைக்க வேண்டும். நான் வரவில்லை. வந்தால் உங்கள் வீட்டுக் கூடத்தில் என் வாய் என் வசத்தில் இருக்காது. அதனால் இந்தக் கடிதத்தையே அழைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவை அழைக்காதது மரியாதைக் குறைவு என்று நினைத்தால் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். கோழிகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. தவிடும் தண்ணீரும் காலையில் வைத்தால் போதும், சாயங்காலம் அவையாகவே கூட்டுக்குப் போய்விடும், கதவைச் சாத்த வேண்டியதுதான்.

உங்களை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று கடிதமாக அதை மறைத்து எழுதிக் களைத்துவிட்டேன். ஆனால் எனக்குப் பிடிக்காத பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். என் பிடித்தம் இங்கே கணக்கில்லை. அவள் பேனரைத் திருப்பிப் போட்டாள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சென்னையிலிருந்து ராத்திரி புறப்படும் ரயில் விடியற்காலையில் நீடாமங்கலத்தில் நிற்கும். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். வழியில் என்னோடு பேச வேண்டிய கட்டாயமில்லை, நானும் பேச மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை பலகாரத் தட்டோடு குறுக்கே வருவாள், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நேராக உள்ளே போங்கள்.

ஒரு விஷயம். அந்தக் குழந்தைக்கு அவள் பெயர் வைத்திருந்தாள். நேற்றுதான் தன் அம்மாவிடம் சொன்னாள். அது எனக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அதை எழுத எனக்கு உரிமையில்லை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளே சொல்வாள். உடனே சொல்ல மாட்டாள், உட்கார்ந்திருங்கள். சொல்லும்போது, அப்படி ஒன்று இருப்பது உங்களுக்கு முன்னாடியே தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு வராது. அந்தப் பெயரை அவளோடு சேர்ந்து நீங்களும் ஒரு முறை சொல்லுங்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளை. அவளுக்காக அதை மனதார எழுதுகிறேன். வாருங்கள்.

உங்கள் மாமனார்,
புகழேந்தி.